மாடிப்படியை யார் வாங்குவார்?

பேரன்பும் மரியாதையும் கொண்ட சகலை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் மைத்துனியின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தோட்டம், மாடிப்படி, தண்ணீரே இல்லாத நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்புப் போட்டு நகராட்சி சொத்து வரி கேட்டதும், நான் மேல்முறையீடு செய்ததும், "என்னை மாதிரி ஒரு வக்கீல் இல்லாம போய் மாட்டிக்காதீங்க" என்று தாங்கள் தொலைபேசியில் சிரித்ததும் நினைவிருக்கும். நேற்று விசாரணை. தலைவர் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிட, செயலாளரான நானே போனேன். ஆயுள் முழுக்க ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அடுத்தவர் எழுதித் தந்ததைப் படித்தவன் நான். சொந்தமாகப் பேச எழுந்ததும் பழக்க தோஷம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கிவிட்டேன். அறையே சிரித்தது. துணைக்கு வந்திருந்த என் வீட்டம்மா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வரி அதிகாரி அம்மா, "தோட்டத்தை வித்தா நல்ல விலை போகுமே சார்?"ன்னாங்க. "யாரும்மா விக்கிறது? அது எல்லாருக்கும் பொது. மாடிப்படியை ஒருத்தன் வாங்குறான்னே வெச்சுக்குங்க, எந்தப் படியில பாய் விரிப்பான்?"னு கேட்டேன். அவங்க பேனா அப்படியே நின்னுடுச்சு. விடுவேனா? "தோட்டத்தோட மதிப்பு தோட்டத்துல இல்லம்மா, அதைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு. ஜன்னலைத் திறந்தா மனசு குளிருதே, அதுக்குத்தானே ஜனங்க கூடக் கொடுத்து வாங்குறாங்க?"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன். "இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க சார்"னு கேட்டு, ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டாங்க. நானும் நிறுத்தி நிதானமா, அறிவிப்புக் குரல்லயே சொன்னேன்.

பொது இடங்களின் மதிப்பு பூஜ்யம் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்கள்! குடியிருப்பே என் கையைக் குலுக்கியது. தலைவருக்குக் காய்ச்சல் சட்டென்று விட்டது. வீட்டம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "இத்தனை பேச்சை எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள். கல்யாணமான நாள்முதல் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, சகலை.

தங்கள் வாதங்கள் எந்நாளும் வெல்ல வாழ்த்தும்,
தங்கள் சகலை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் எழுத்துபூர்வமான ஆணை வந்துவிட்டது. "செயலாளரே விளக்கியபடி" தோட்டத்தின் மதிப்பை ஒவ்வொரு வீட்டின் மதிப்போடும் சேர்த்துவிட்டார்களாம். எல்லார் வீட்டு வரியும் ஏறிவிட்டது. வாசலில் கூட்டம். வீட்டம்மா "அவர் ஊர்லயே இல்லீங்க"ன்னு சமாளிச்சுக்கிட்டிருக்கா. உடனே புறப்பட்டு வரவும். தாங்களே பேசுங்கள், நான் மூச்சுவிட மாட்டேன்.