பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு நோட்டீஸ்

வாடகைதாரர் பாதுகாப்புப் பிரிவின் கதவில், அந்தப் பிரிவையே காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

பிரிவின் அதிகாரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மாநகராட்சிக் கட்டடத்தில் இடமில்லை என்று அவர்களை இந்த வாடகை வீட்டுக்கு அனுப்பிப் பல காலமாகிவிட்டது. படுக்கையறையில் அவளுடைய மேசை, சமையலறையில் கோப்புகள், கூடத்தில் மனுதாரர்களின் பெஞ்சு. மாத முடிவுக்குள் சாவியைத் தர வேண்டுமாம். காரணம் எழுதப்படவில்லை.

காரணம் சொல்லாமல் யாரையும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் பாடுபட்டு எழுதிய சட்டத்தின் முதல் பிரிவு. வெள்ளிக்கிழமை அது மாமன்றத்தில் ஓட்டுக்கு வருகிறது. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதியாக இருந்தன. இந்தச் சேதி வெளியே கசிந்தால், தன் நாற்காலியையே காப்பாற்றத் தெரியாதவளா ஊரைக் காப்பாற்றப் போகிறாள் என்று சிரித்தே சட்டத்தைக் கவிழ்த்துவிடுவார்கள்.

"கிழிச்சிடலாமா மேடம்?" என்றார் அலுவலக உதவியாளர். அவரை எல்லோரும் ரேடியோ என்றே அழைத்தார்கள். காதில் விழுந்தது எதுவும் அவர் வயிற்றில் தங்காது.

"கிழிச்சா தப்பாயிடும். மேல எதையாவது ஒட்டி மறைங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

ரேடியோ கைக்குக் கிடைத்த சுவரொட்டியை எடுத்து ஒட்டினார். 'வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களா? கவலை வேண்டாம், உள்ளே வாருங்கள்' என்றது அது. நோட்டீஸ் அதைவிடச் சற்று நீளம். கடைசி வரி மட்டும் கீழே எட்டிப் பார்த்தது: 'தவறினால் பூட்டப்படும்.'

அன்று வந்த முதல் மனுதாரர், உள்ளே வராவிட்டால் எதைப் பூட்டுவீர்கள் என்று நடுங்கிக்கொண்டே கேட்டார்.

அதிகாரி வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் மென்று விழுங்கி, கூரை ஆபத்தாக இருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்றார். கூரை நன்றாக இருப்பதாக நிரூபித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தவள், மாநகராட்சிப் பொறியாளரை வரவழைத்தாள். யானை ஏறினாலும் தாங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அனுமதியில்லாமல் கட்டியது என்பதையும் கண்டுபிடித்து, குழாயை அடைத்து முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

"நம்ம ஆளை நாமளே கூப்பிட்டு, நம்ம தண்ணியை நாமளே நிறுத்திக்கிட்டோம்" என்றார் ரேடியோ.

தண்ணீருக்காக வாளியோடு பக்கத்துத் தையற்கடைக்குப் போனார். போன வருடம் இதே அலுவலகம்தான் கடைக்காரப் பெண்ணை நடுத்தெருவிலிருந்து மீட்டது. அலுவலகத்துக்கே வாளியா என்று அவள் கேட்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா என்று தொடங்கி, ரேடியோ ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் அந்த வட்டாரத்து வாடகைதாரர்கள் பாதிப்பேர் தண்ணீர்க் குடங்களோடு நின்றார்கள். கையில் ஒரு பலகை: 'பாதுகாப்புப் பிரிவைப் பாதுகாப்போம்.'

அதிகாரிக்கு உடம்பே கூசியது. தயவுசெய்து கலைந்து போங்கள், விஷயம் மாமன்றம் வரைக்கும் போய்விடும் என்று கெஞ்சினாள்.

தையற்காரி குடத்தை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "என் மிஷினைத் தூக்கி ரோட்டுல வெச்சப்ப நான் முக்காடு போட்டுக்கிட்டு அழுதேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க மேடம்? வெக்கப்பட வேண்டியது நீங்க இல்லன்னு சொன்னீங்க. அது எங்களுக்கு மட்டுந்தானா?"

அதிகாரி ஒரு குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

விஷயம் மாமன்றம் வரைக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்து, வாடகைதாரர்களின் காவல் தெய்வத்துக்கே வீடு பார்த்துத் தர ஒரு தீர்மானம் போடலாமா என்று கேட்டார். அவை குலுங்கிச் சிரித்தது. விளக்கம் சொல்ல அதிகாரியை அழைத்தார்கள். அவள் தயாரித்து வைத்திருந்த உரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆமாங்க. எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கூரை சரியில்லன்னாங்க, அது பொய். நெஜமா ஏன்னு தெரியாது. மூணு நாளா நான் அதை மறைக்கத்தான் அலைஞ்சேன். சட்டம் எழுதத் தெரிஞ்ச எனக்கே இந்த கதின்னா, பிள்ளைகுட்டியோட இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? இதைத் தடுக்க இன்னிக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. உங்க கையிலதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. அவையில் பாதிப்பேர் வாடகை வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் இருந்தது. ஓட்டெடுப்பில் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கேலி செய்தவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தலையைச் சொறியப் போன அவர் கை அப்படியே மேலே போய் நின்றுவிட்டது.

சட்டம் நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தில் தையற்காரி அடித்த விசிலுக்கு அவைத்தலைவர் கண்டனம் தெரிவித்தார். அவள் இன்னொரு விசில் அடித்தாள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே, காரணத்தை நேரில் வந்து சொல்லும்படி வீட்டுக்காரருக்கு அழைப்பு அனுப்பினாள் அதிகாரி. அவர் மறுநாளே வந்துவிட்டார் என்று கேட்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, சட்டப் புத்தகத்தை முதல் பிரிவில் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்குத் தன்மேல் சந்தேகமே வரவில்லை.

வெகுநேரமாகியும் யாரும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரருக்கென்று போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் கூடத்தில் மனுதாரர்களின் பெஞ்சில், தையற்காரிக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ அறைக்குள் வந்து, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவரு காரணம் சொல்ல வரல மேடம், மனு குடுக்க வந்திருக்காரு. அவரு வாடகைக்கு இருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். தான் குடியிருக்க இந்த வீடு வேணும்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் காரணம் எழுதாம நம்ம கதவுல நோட்டீஸ் ஒட்டுனாராம்."