பாதாளக் கொலுசை நிறுத்தக் கோரி

பாளையங்கோட்டை,
புதன்கிழமை இரவு.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி சாலமோனின் மகள் பியூலா, மரியாதையுடனும் அதைவிட அதிகமான பயத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். சனிக்கிழமை காலைக் காட்சி வரை இப்படியே சுகமாக இருப்போம். அதற்குப் பிறகு எப்படி இருப்போம் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்களைச் சொல்லுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டிவிடாதீர்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். போன தடவை நான் கணக்கில் எடுத்த மார்க் உங்கள் சபையில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை வரைக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் கடிதம். எங்கள் உரக்கடை வண்டி ஓட்டும் குற்றாலலிங்கம் அண்ணன் நாளைக்கு உங்கள் ஊரில் மூட்டை இறக்க வருகிறார். பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் கொடுத்துவிடுவேன். அது பொய்யாகிவிடக் கூடாது, ஆகவே பரீட்சைக்கும் ஜெபியுங்கள். இப்போது கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா அடுத்த அறையிலிருந்து "ஏ பிள்ள, இன்னுமா முடியல?" என்று கேட்கிறாள். "கடைசிக் கணக்கும்மா" என்றிருக்கிறேன்.

விஷயம் இதுதான். 'பாதாளக் கொலுசு' பேய்ப் படத்தின் முதல் பாகத்தைப் புதுப்பித்து, சனிக்கிழமை முதல் ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் மறுபடி ஓட்டப் போகிறார்கள். அப்பா இரண்டு வரிசை முழுவதையும் பிடித்துவிட்டார். கடைக்கு உரம் வாங்க வரும் அண்ணாச்சிமார், அம்மா வீட்டு ஆட்கள், பக்கத்துப் பாத்திரக்கடை பீர் மைதீன் மாமா குடும்பம் எல்லோரும் வருகிறார்கள். "படம்னா என்னன்னு அன்னைக்குத் தெரியும் எல்லாருக்கும்" என்று அப்பா தினமும் சொல்லுகிறார். இதில் பந்தயம் வேறு. பீர் மைதீன் மாமாவுக்கு நாலாம் பாகம்தான் பெரிசு. "நீரு சின்ன வயசுல பாத்ததுனால நல்லாருக்குங்கீரு. எனக்குந்தான் எங்க உம்மா கையால தின்ன பழைய சோறும் ருசியாத்தான் இருந்துச்சு. அதுக்காவ அத ஓட்டல்ல விக்க முடியுமா வே?" என்று மாமா கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்து, முதல் பாகம் நன்றாக இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னால், கடை வாசல் விலைப் பலகையில் 'நாலாம் பாகமே சிறந்தது' என்று தன் கையாலேயே எழுதி ஒரு மாதம் வைப்பதாகச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா, அப்பா அந்தப் படத்தை வைத்துத்தான் உலகத்தையே அளக்கிறார். போன வாரம் ஒருவர் வந்து புதிதாக வந்த உரம் எப்படி என்று கேட்டதற்கு, "அது மூணாம் பாகம் மாதிரி வே. மேல பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் கெடையாது. பழசையே கொண்டுட்டுப் போரும்" என்றார். அம்மா சொல்லுவாள், "இந்த மனுசனுக்கு அந்தப் பேயத்தான் பேசி முடிச்சிருக்கணும், எங்கப்பா அவசரப்பட்டுட்டாரு."

எனக்கும் அந்தப் படம்தான் உயிர். நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் சின்னப் பிள்ளையிலிருந்து கரண்டு போகும்போதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் கிணற்றில் விழுந்துவிடும் அந்தப் பொண்ணு. அமாவாசைதோறும் புருசன்காரன் வந்து அந்தக் கிணற்றில் வாளி இறக்குவான். "இழுக்கான், இழுக்கான், கயிறு கனக்கு. மேல வரவரக் கொலுசுச் சத்தம் கேக்கு. வாளியத் தூக்கிப் பாத்தா ஒண்ணுமில்ல, காலி. அப்பாடான்னு திரும்புதான்... பின்னால ஈரக்கால் தடம்!" அப்பா பையச் சொல்லும்போது எனக்கு முதுகெல்லாம் கூசும். எத்தனை தடவை கேட்டாலும் கூசும்.

போன சனிக்கிழமை ஷமீம் வீட்டில் சேர்ந்து படிக்கப் போனேன். அவள் பீர் மைதீன் மாமாவின் மகள். அங்கே ஒரு பாடமும் படிக்கவில்லை. யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்த முதல் பாகத்தை, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். பெரியப்பா, அதைப் பார்த்திருக்கவே கூடாது. இடைவேளை வரைக்கும் பேய் வரவில்லை. ஒரு சமையல்காரர் பரோட்டா தின்றுகொண்டே இருந்தார். பிறகு வந்த பேய் ஊட்டிக்குப் போய் டூயட் பாடியது. அதன் கையில் கைக்கடிகாரம் இருந்தது. கதாநாயகன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றபோது ஷமீம் படத்தை நிறுத்தி, "ஏட்டி, கெணறு ஆடுது பாரு" என்றாள். உண்மையிலேயே ஆடியது. வாளி வரவில்லை. கயிறு வரவில்லை. ஈரக்கால் தடம் வரவே இல்லை. வெட்டிவிட்டார்களோ என்று வேறொரு பிரதியையும் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் பரோட்டாதான்.

ஷமீம் என்னைக் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளோ எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். நாலாம் பாகம் பிடித்திருந்தது என்று அவள் சொன்னதற்காக, "உங்களுக்கெல்லாம் படம் பாக்கவே தெரியல" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். அவள் தம்பி இர்ஷாத் மட்டும், "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில வந்துச்சே மூணாம் பாகம், அதுதான் படம். இப்ப எவன் அப்படி எடுக்கான்?" என்றான். அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். போன தீபாவளிக்கு அப்பாவோடு நாலாம் பாகம் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. வெளியே வந்ததும் அப்பா, "இது முதல் பாகத்தோட கால்தூசிக்கு வருமா?" என்றார். "வராதுப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். பழைய நினைப்பினால்தான் பெரியவர்கள் பழைய படத்தைப் புகழ்கிறார்கள் என்றால், எனக்கு ஏது பழைய நினைப்பு? நான் பிறந்தபோது இரண்டாம் பாகமே பழசாகிவிட்டது. நான் புகழ்ந்தது படத்தை இல்லை, அப்பா அதைச் சொல்லுகிற குரலை. அதைப் போய் ஒரு நல்ல படத்துக்கு எதிராக நிறுத்திவைத்து மட்டம் தட்டியிருக்கிறேன். பாவம், அதை எடுத்தவர்கள்.

அப்படியானால் வாளியும் கயிறும் எங்கிருந்து வந்தன? திங்கட்கிழமை சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள் போல அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, அந்தப் பேய் என்ன நிறத்துல சேல கட்டியிருக்கும்?" அப்பா குழம்பைப் பிசைந்தபடியே, "நிறமா? எனக்கு அப்பப் பொன்னுக்கு வீங்கி, கழுத்தத் திருப்ப முடியாது. அண்ணன் ராத்திரி வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல..." என்றவர், சட்டென்று நிறுத்தி, "ரசம் ஊத்து" என்றார். ரசம் அன்றைக்கு வைக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. தாத்தா சபையில் உபதேசியாராக இருந்தவர், சினிமாக் கொட்டகைப் பக்கம் போனாலே பிரம்பை எடுப்பாராமே. நீங்கள்தான் எப்படியோ ஒளிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, படுத்துக் கிடந்த தம்பிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொல்லியிருக்கிறீர்கள். போதகராக இருப்பவரைப் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் சனிக்கிழமை அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து, வாளி வரும் வரும் என்று அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாளி வராது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகையில் எழுதுவதுகூடப் பெரிதில்லை. அதன் பிறகு கரண்டு போனால் அப்பா எதைச் சொல்லுவார்?

ஆகவே தயவுசெய்து சனிக்கிழமை உபவாச ஜெபம் என்று அறிவித்து, தம்பி குடும்பம் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் அப்பா தட்ட மாட்டார். நான் அன்று முழுவதும் உண்மையாகவே சாப்பிடாமல் இருக்கிறேன். அதுவும் முடியாது என்றால், நீங்களே வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் மெதுவாக, பிரசங்கத்தில் சொல்லுகிற மாதிரி உரக்க இல்லாமல்.

பெரியம்மாவுக்கு முத்தங்கள். உங்கள் ஊழியத்தையும், இந்த வீட்டின் நிம்மதியையும் கர்த்தர் குறைவில்லாமல் காப்பாராக. நான் எழுதியதில் மரியாதைக் குறைவு எங்கேயாவது இருந்தால் அது பயத்தினால் வந்தது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி மகள்,
சா. பியூலா

பி.கு: பெரியப்பா, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் பின்னால் அப்பா நிற்கிறார். கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா தரையில் உட்கார்ந்து, "எங்கண்ணன் மட்டும் பாத்தானாக்கும்?" என்றார். நீங்களும் பார்க்கவில்லையாமே! பாளையங்கால்வாய்க் கரையில், கொட்டகையின் பின்சுவரில் காதை வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவீர்களாம். டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசில் தினமும் நுங்கு வாங்கி வருவீர்களாம், தம்பிக்கு அது ஒன்றுதான் தொண்டையில் இறங்கியது என்று. "கையில நுங்கோட வந்து படம் பாத்தேங்கான். அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். பிறகு ஏனப்பா எல்லோரிடமும் அதுதான் சிறந்த படம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "அதவிட நல்ல படம் நீ பாத்திருக்கியா?" என்றார். உங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறாராம், தன் பக்கத்து இருக்கையில். பிறகு என் பேனாவை வாங்கிக் கீழே இருப்பதை எழுதினார்.

அண்ணே, எனக்கு வீக்கம் வடிந்ததும் நீ கதையை நிறுத்திவிட்டாய். அந்தப் பொண்ணு கடைசியில் மாமியார் வீடு போய்ச் சேர்ந்தாளா, இல்லையா? படத்தில் என்ன வருகிறது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சனிக்கிழமை வந்து உன் கதையை முடி. சாலமோன்.