வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளும் கண்

நீலசந்திரா,
பெங்களூர்-47.
8-8-1999, ஞாயிறு

மரியாதைக்குரிய சுந்தரம் மாமாவுக்கு ஷோபா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். என் இடது கண் மட்டும் நலமில்லை. ஆனேக்கல்லில் நீங்களும் சொர்ணம் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? சைக்கிள் கடை எப்படி நடக்கிறது? இதையெல்லாம் நிதானமாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ஆனால் எனக்கு நிதானம் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத பெண் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று அத்தை கேட்பார்கள். பேசினால் கண் மூடிக்கொள்கிறது, எழுதினால் மூடுவதில்லை. அதனால் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

மாமா, எனக்கு நரேஷைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமில்லை. இது புதிதாகச் சொல்வதல்ல. ஆனி மாதம் ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை நீங்கள் அழைத்து வந்த அன்றே சொன்னேன். எல்லோர் முன்னாலும், "என்னம்மா ஷோபா, மாப்பிள்ளைய புடிச்சிருக்கா?" என்று கேட்டது நீங்கள். "வேண்டாம் மாமா" என்று சொன்னது நான். என் குரல் சின்னதுதான், குக்கர் அந்த நேரம் பார்த்து விசில் அடித்ததும் உண்மைதான். ஆனால் நீங்கள் என் வாயைப் பார்க்கவே இல்லை. கண்ணைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "வாயால சொல்ல வெக்கப்படுது, கண்ணால சொல்லிடுச்சு பாருங்க, அதுவும் எடது கண்ணு!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது நடக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா எனக்கே விளக்கம் சொன்னார்கள். இதற்கு நடுவில் அந்த நரேஷ், தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், பதிலுக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் ஆரம்பித்துவைத்ததாக அவர் நினைப்பு! காபித் தட்டை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன். அதையும் நாணம் என்றார்கள்.

என் கண் கதை உங்களுக்குத் தெரியாததா? நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. இடது கண்ணை மூட முடியவில்லை. முகத்தின் பாதி என் சொல்லைக் கேட்கவில்லை. முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கிவிட்டது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததால் வந்தது என்று அம்மா சொன்னார்கள், இன்னும் அதையேதான் சொல்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் வாயைக் கோணிக் காட்டியதால் பள்ளிக்கூடத்தை நானே விட்டேன். மாதக்கணக்கில் ஆகி, முகம் மெல்லத் திரும்பி வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வந்த நரம்பு ஒழுங்காக வரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாய்க்குப் போகவேண்டிய கிளை ஒன்று வழி தவறிக் கண் இமைக்குப் போய்விட்டதாம். வாயை அசைத்தால் இமை தானாக மூடுகிறது. சாப்பிட்டாலும், சிரித்தாலும், பேசினாலும் மூடுகிறது. சும்மா இருந்தால் மட்டும் சும்மா இருக்கிறது.

இது ஒரு நரம்புக் கோளாறு என்று இந்தத் தெருவில் ஒரு ஆளாவது நம்பவேண்டுமே! பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் மூக்குத்தி காணாமல் போன அன்று, "ஏனு ஷோபா, நம்ம மூக்குத்தி சிக்குமா?" என்று, கிடைக்குமா என்பதைக் கன்னடம் கலந்து கேட்டார்கள். "தெரியலீங்க ஆண்ட்டி" என்றேன். கண் மூடியது. மூக்குத்தி அரிசி டிரம்மில் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் மாமா, என் நிம்மதி அன்றோடு தொலைந்தது. வேலை கிடைக்குமா, குழந்தை பிறக்குமா, ஓனர் வாடகை ஏற்றுவாரா, எல்லாவற்றுக்கும் என்னிடம் வருகிறார்கள். நான் பேசாமல் இருந்தால் கண் துடிக்காது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே விடுவதில்லை. "ஒரு வார்த்தை சொல்லும்மா, எதுனா சொல்லு போதும்" என்று வாசலில் நிற்கிறார்கள். தெரியாது என்றாலும் நல்ல சகுனம், நடக்காது என்றாலும் நல்ல சகுனம், தயவுசெய்து போய்விடுங்கள் என்றால் ரொம்ப நல்ல சகுனம். பின்வீட்டுப் பையன் கணக்கில் பெயிலானபோது, "நீ மெதுவா பேசுன, கண்ணு அரைகொறையா மூடுச்சு" என்று அவன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஊரிலேயே பேசப் பிடிக்காத பெண்ணைப் பிடித்து இப்படித் தெருவே பேசவைப்பது என்ன நியாயம்?

நான் தையல் கற்றுக்கொள்ளும் கடையின் பிரிஜெட் அக்காதான் போன மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் கரித்துக்கொட்டிய பிறகு அப்பா அழைத்துப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா என்னை விசிலடி, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு என்று எல்லாம் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, நான் மேலே எழுதியதை அப்பாவுக்கு விளக்கினார். அப்பா எலக்ட்ரீஷியன் அல்லவா, உடனே புரிந்துகொண்டார். "கனெக்‌ஷன் மாத்திக் குடுத்துட்டான் மேடம். பெல்ல அமுக்குனா பாத்ரூம் லைட் எரியுற கேஸ்" என்றார். டாக்டரம்மா சிரித்து, அதேதான் என்றார். "அப்ப ஒயர அவுத்து மாத்திக் குடுத்துடுங்க" என்றார் அப்பா. நரம்பை அப்படி அவிழ்த்து மாட்ட முடியாதாம். இமையைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊசி போட்டால், மூடும் தசையின் வேகம் சில மாதம் குறையும், அப்புறம் திரும்பப் போடவேண்டும் என்றார். கூடவே, தினமும் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணைத் திறந்தபடி வாயை மெல்ல அசைத்துப் பழக வேண்டுமாம். கண் கொஞ்ச நாள் உலரலாம், இமை லேசாகத் தொங்கலாம், அதற்குச் சொட்டு மருந்து தருவாராம்.

இவ்வளவும் தலையாட்டிக் கேட்ட அப்பா வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "ஓடிக்கிட்டிருக்குற லைன்ல கை வெக்கக் கூடாதும்மா." அம்மா அதற்கு மேல். மாப்பிள்ளை அமைந்தது, அப்பாவுக்குப் புது அபார்ட்மென்ட்டில் ஒயரிங் வேலை கிடைத்தது, எல்லாம் இந்தக் கண்ணால்தானாம். "கல்யாணம் முடியட்டும்டி, அப்புறம் உன் புருஷன் ஊசி போடுவான்" என்கிறார்கள். அவர் போடமாட்டார் மாமா. அவர் கண்ணடிப்பார்.

நரேஷ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை, நல்ல குடும்பம், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் இப்போதுதான் ரவிக்கைக்குக் கை வெட்டப் பழகியிருக்கிறேன். கழுத்து வெட்ட பிரிஜெட் அக்கா இன்னும் விடவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற அம்மாவே என் வாயை விட்டுக் கண்ணைக் கேட்கும்போது, போகிற வீட்டில் என்ன நடக்கும்? வலிக்கிறது என்றாலும், பசி இல்லை என்றாலும், வேண்டாம் என்றாலும் கண் மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்ததாக ஆகிவிடும். ஆயுசு முழுக்க அந்தக் கண்ணின் பின்னால் நான் ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமா? தினமும் கண்ணாடி முன்னால் நின்று வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிப் பழகுகிறேன். கடைசி ‘ம்’மில் உதடு ஒட்டும்போது கண் கெட்டியாக மூடிக்கொள்கிறது. கண்ணாடியில் இருப்பவளைப் பார்த்தால் எனக்கே அவள் சம்மதிக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியிருக்க உங்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனாலும் சொல்கிறேன். குறை உங்கள் மேல்தான்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இதுதான். வருகிற புதன்கிழமை ஊசி நாள். அந்த மருந்தைத் திறந்தால் வைத்திருக்க முடியாது என்று, இமைக் கோளாறு உள்ளவர்களை எல்லாம் ஒரே நாளில் வரச்சொல்லிப் பங்கு போட்டுப் போடுகிறார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஆடி முடிந்ததும் தாம்பூலம் மாற்ற ஓசூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். பெரியவர்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊசி போடுவார்கள் என்று நினைக்கிறேன். அப்பா வரமாட்டார். நான் தனியாக, இதே பெங்களூரில் இருக்கும் காக்ஸ் டவுன்கூடப் போனதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் செவ்வாய் சாயங்காலமே பஸ் ஏறி வந்து என்னை அழைத்துப் போகவேண்டும். அப்புறம் ஓசூருக்கும் போய், "பொண்ணு வேணாம்னு வாயால சொல்லுச்சு, நாந்தான் கண்ண பாத்துட்டேன்" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். நீங்கள் கட்டிய முடிச்சு, உங்களால்தான் அவிழும். நீங்கள் வராவிட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடைக்கு வரும் சைக்கிள்கள் எல்லாம் அடிக்கடி பஞ்சராகி உங்கள் தொழில் பெருக எல்லம்மாவை வேண்டிக்கொள்கிறேன். கடுமையாக எழுதியிருந்தால் மன்னித்து, செவ்வாய்க்கிழமை மட்டும் மறக்காமல் வரவும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
இ. ஷோபா

பின்குறிப்பு: மாமா, நீங்கள் வரவேண்டாம். மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். தபாலில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்த இந்தக் கடிதம் இன்று அவர் டூல்ஸ் பையில் டெஸ்டருக்கும் இன்சுலேஷன் டேப்புக்கும் நடுவில் கிடைத்தது. ஆவணியே பிறந்துவிட்டது. அந்தப் புதன்கிழமை காலையில் நான் வாசலில் நின்று நீங்கள் வருவீர்கள் வருவீர்கள் என்று பார்த்து அழுதுவிட்டேன். பிரிஜெட் அக்கா கடையைப் பூட்டி, "மாமன் வந்தாதான் கண்ணு தெரியுமா? நட!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அங்கே எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதா என்று கேட்டு, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். ஊசி எறும்பு கடித்ததுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் கண் அடங்கிவிட்டது.

நேற்று ஓசூர்க்காரர்கள் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் அம்மா, "நல்ல நேரத்துல ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார்கள். எல்லோரும் என் இடது கண்ணைப் பார்த்தார்கள். இத்தனை வருஷ தைரியத்தையும் திரட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, வேண்டாம் என்றேன். கண் அகலமாகத் திறந்தபடி இருந்தது. "அய்யய்யோ, அசையலையே!" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா. "இன்னொரு தடவ சொல்லுடி" என்றார்கள் அம்மா. சொன்னேன். "எங்க, கொஞ்சம் அழுத்திச் சொல்லு" என்றார் அப்பா. அழுத்தியும் சொன்னேன். நரேஷ் மட்டும் ஒருமுறை கண்ணடித்துப் பார்த்தார், பதில் வராததால் பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். கடைசியில் சகுனம் சரியில்லை என்று தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. "நல்லா இருந்த கண்ண கெடுத்துட்டாங்க" என்று லட்சுமம்மா தெருவெல்லாம் புலம்புகிறார்கள்.

மருந்தின் வேகம் மூன்று நான்கு மாதம்தானாம். அதற்குள் வேண்டாம் என்று சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். முதலில் உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ஓசூர் போனால் என்ன, அத்திப்பள்ளியில் இன்னொரு பையன் இருக்கிறான் என்று இன்று காலை நீங்கள் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினீர்களாமே, அந்தப் பையன் வேண்டாம்.