தலையில்லாதவரின் சட்டை

சென்ற மாதம் எங்கள் ஊரில் துவைத்த சட்டை போட்டவனுக்கு மரியாதையே இல்லை.

காரணம், கடைத்தெருத் திருப்பத்தில் இருக்கும் இஸ்திரிக் கடைக்காரர். இருபது வருடம் பேசாமல் துணி தேய்த்தவருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. சட்டையில் விழும் ஒவ்வொரு சுருக்கமும் போட்டவரின் விதி என்று கண்டுபிடித்தார். ஞானம் வந்த மறுநாளே கட்டணமும் வந்தது. ஊர் அவருக்கு 'மடிப்பு மகான்' என்று பட்டம் கொடுத்தது.

விதிமுறைகளைக் கடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். நாள் முழுக்கப் போட்ட சட்டையாக இருக்க வேண்டும். துவைத்தால் விதி சாக்கடையோடு போய்விடும். கழற்றிய பிறகு பையில் கை விடக் கூடாது. விட்டால் ரேகை கலையும். சட்டை ஒரு நாள் அவரிடம் தனியாக இருக்க வேண்டும். மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கூட்டத்தின் முன்னால் பலன். கெட்ட பலன் என்றால் அதே அழுக்குச் சட்டைக்கு நாற்பது நாள் 'பரிகாரத் தேய்ப்பு'. ஊரில் பாதிப் பேர் வியர்வை வாசத்தோடு விறைப்பாக நடந்தார்கள்.

என்ன கூட்டம்! பல் டாக்டர் வாயைத் திறந்த நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் சட்டையோடு ஓடி வந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் உறுதியாக எழுத மாட்டேன். பேக்கரிக்காரரைப் பார்த்தேன். அவருடைய ரொட்டி கடையில் கருகிக்கொண்டிருந்தது; அவர் இங்கே கைகட்டி நின்றார்.

"முதுகுல குறுக்கே ஓடுது பாரு ஒரு கோடு. உனக்குக் கண்ணு மங்குதேப்பா!"

"ஐயா! முந்தாநாள்தான் கண்ணாடிக்கு அளவு கொடுத்தேன்! எப்படிங்கய்யா?"

கூட்டம் 'ஆ' என்றது. அளவு எழுதிக் கொடுத்த சீட்டை எங்கே வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பகலில் எனக்கு ஆணியும் திருகாணியும் விற்கும் கடையில் வேலை. மாலையில் தையல் வகுப்பு. வகுப்பில் பதினொரு பெண்கள், நான், ஒரு பொம்மை. சுருக்கம் ஏன் விழுகிறது என்பது இரண்டாம் பாடம்: துணியின் ரகம், உட்காரும் விதம், முழங்கை மடங்கும் இடம். விதியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் மூன்றாம் பாடத்தைத் தாண்டாதவன். விதி ஒன்பதாம் பாடத்தில் வந்தாலும் வரலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா அக்காவின் சட்டையைக் கொண்டுபோனாள்.

அக்காவுக்கு நகரத்துப் பால் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலை சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும் என்று கடிதத்திலேயே இருந்தது. மூன்று வருடம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை. அக்கா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினாள். சனிக்கிழமை மாலை, மகான் அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"பயணம் தெரியுது. வெள்ளை வெளேர்னு ஏதோ தெரியுது. தண்ணி மாதிரி, ஆனா தண்ணி இல்ல."

"பால்!" என்று அம்மா கத்தினாள்.

"அதேதாம்மா. ஆனா இந்தச் சுருக்கம் பாதியில திரும்புது பாருங்க. போனா ஆபத்து. நாப்பது நாள் பரிகாரம் பண்ணணும். அதுவரைக்கும் பொண்ணு ஊர் எல்லையத் தாண்டக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவின் சான்றிதழ்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"சுருக்கம் திரும்புதுன்னா நான் நல்லபடியா திரும்பி வருவேன்னுதானேம்மா அர்த்தம்?" என்றாள் அக்கா.

"வாயை மூடு. பால்னு எப்படிடி சொன்னாரு? அதுக்குப் பதில் சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், எப்பப் பாத்தாலும் நோட்டுல எதையாவது கிறுக்கிக்கிட்டே இருப்பியே, இதைக் கொஞ்சம் பாரேன்."

திங்கட்கிழமை காலை என் சட்டையை மகானிடம் கொடுத்தேன். செவ்வாய் மாலை அதைத் தூக்கிப் பார்த்தவர் கண்ணை மூடினார். "கழுத்துக்கிட்ட ஒரு தோல்வி தெரியுது தம்பி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முந்தின வாரம்தான் தையல் தேர்வில் காலர் வைக்கும் பகுதியில் தோற்றிருந்தேன். மகானை நம்பிவிட்டேன். இதை நோட்டில் எழுதியும் வைத்தேன்: 'நம்பிவிட்டேன், செவ்வாய், நாலே கால்.'

நாலரைக்கு வீட்டில் சட்டைப் பையில் கை விட்டேன். தேர்வுச் சீட்டு வந்தது. 'காலர்: மீண்டும் செய்க.' எட்டாக மடித்து, மேலே உட்கார்ந்து, தேநீர் கொட்டி, கசங்கிப்போன சீட்டு அது. இப்போது அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. சட்டையோ கொடுத்தபோது இருந்த அதே கசங்கலோடு இருந்தது.

கசங்கிய சட்டைக்குள் தேய்த்த காகிதம். நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

ஆனாலும் சந்தேகம். உடம்புச் சூட்டில் காகிதம் தானாக நேராகுமோ? வேறொரு காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு புதன்கிழமை முழுக்கத் திரிந்தேன். அது இன்னும் கசங்கியதுதான் மிச்சம். அதே புதன்கிழமை காலை, முந்தின நாள் முழுக்கப் போட்டிருந்த இன்னொரு சட்டையை, பையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், மகானிடம் கொடுத்தேன். வியாழன் மாலை பலன் வந்தது.

"மனசுல ஒரே சந்தேகம். எதையும் முடிவு பண்ண முடியாம தவிக்கிற தம்பி."

முழுக்க முழுக்க உண்மை! மறுபடியும் ஆடிப்போனேன். பிறகு அங்கேயே நின்று எண்ணினேன். அன்று பலன் கேட்ட ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மனசில் ஒரே சந்தேகமாம். மற்ற மூவரின் பலன்களில் மட்டும்தான் சீட்டுப் பணம், பயணம், மருந்து என்று விவரம் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாலா மடிச்ச கடிதம் அன்னிக்கு அட்டை மாதிரி இருந்துச்சுடா! அம்மாதான் ஆசையில தேய்ச்சு வெச்சுட்டாங்கன்னு நினைச்சேன்."

"இப்பவே அம்மாகிட்டச் சொல்லிடலாமா?"

"நீ சொன்னா நம்புவாங்களா?"

யோசித்தேன். நானே என்னை முழுதாக நம்புவதில்லை. அம்மா எப்படி நம்புவாள்?

அன்று வகுப்பில் டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். எங்கள் டீச்சர் உதட்டில் நாலைந்து குண்டூசிகளைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார். அதனால் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். படித்து முடித்துவிட்டுப் பொம்மையின் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

எங்கள் வகுப்புப் பொம்மைக்குத் தலை இல்லை, கை இல்லை, காலுக்குப் பதில் ஒரு இரும்புக் கம்பி. எதிர்த்துப் பேச மாட்டார் என்பதால் 'மாப்பிள்ளை' என்று பெயர். அவர் போட்டிருந்த சட்டை வகுப்பில் தைத்தது. மனிதர் யாரும் போட்டதில்லை. அதை ஆளுக்கொரு தரம் கசக்கினோம். ஒருத்தி மேலே உட்கார்ந்தே பார்த்தாள். பையில் ஒரு பழைய ரயில் டிக்கெட், தலைவலி மாத்திரை வாங்கிய ரசீது, அப்புறம் ஒருத்தி எழுதிக் கொடுத்த கடிதம்: 'என்னை மன்னித்துவிடு. கோபத்தில் கதவைச் சாத்தியது என் தப்புதான்.' மூன்றையும் உருண்டையாகக் கசக்கிப் போட்டோம்.

"ஒரு நிபந்தனை," என்றார் டீச்சர், குண்டூசிகளுக்கு இடையில். "பொய் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை அவரே கடைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

"யார் சட்டைம்மா?"

"எங்க வகுப்புல இருக்கிறவரோடது. ஆறு வருஷமா எங்களோட இருக்காரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது."

"பாவம், அமைதியான மனுஷன்," என்றார் மகான். "என்ன வேலை?"

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிற வேலை."

சனிக்கிழமை நாலு மணி. அன்றைக்கு விட்டால் வழி இல்லை. ஞாயிறு மதியம் பஸ். அலமாரிச் சாவி இன்னும் அம்மாவின் கழுத்தில். அம்மா முதல் வரிசையில் அக்காவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிகாரத்தின் ஏழாம் நாள்.  ஒருவேளை மகான், "இது பொம்மையோட சட்டை" என்று சொல்லிவிட்டால்? சொன்னால் அவர் காலில் விழுவது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

மகான் சட்டையைத் தூக்கினார். அதைப் பார்த்து அப்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

"தாங்க முடியாத தலைவலி இவருக்கு!"

டீச்சர் தலையை ஆட்டவில்லை.

"நின்னு நின்னு ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு. ரயில் பயணம் தெரியுது. நெருங்கின ஒருத்தருகிட்ட மன்னிப்புக் கேக்கத் துடிக்கிறாரு. கோபம்தான் இவருக்குச் சத்துரு. கோபம் வந்தா ராத்திரி பகல் பாக்காம கதவைப் படார் படார்னு சாத்துவாரு!"

"எந்தக் கையால?" என்றார் டீச்சர்.

"வலது கைதான். சந்தேகமே இல்ல."

"ரொம்ப நன்றிங்க," என்று டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். "கூட்டிக்கிட்டு வாங்கம்மா அவரை."

வகுப்புப் பெண்கள் நாலு பேர் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒற்றைக் கம்பியில் கொஞ்சம் ஆடிவிட்டு அமைதியாக நின்றார்.

 பேக்கரிக்காரர்தான் முதலில் கேட்டார்: "ஏம்மா, தலைவலி எங்க வருது இவருக்கு?"

மகான் விடவில்லை. "இது... இதைத் தெச்சவங்களோட விதி! துணியில இறங்கிடுச்சு!"

நான் முன்னால் போனேன்.  மாப்பிள்ளையின் சட்டைப் பையில் கை விட்டு, இருந்ததை எடுத்து மேசை மேல் வரிசையாக வைத்தேன். ரயில் டிக்கெட், மாத்திரை ரசீது, மன்னிப்புக் கடிதம். மூன்றும் பளபளவென்று, ஓரம் மடங்காமல் இருந்தன. பக்கத்தில் கசங்கிய சட்டை.

"பையில போடறப்ப உருண்டையா இருந்துச்சு," என்றேன். "சட்டையத் தேய்க்கவே இல்ல. காகிதத்த மட்டும் யாரு தேய்ச்சாங்க?"

மகான் காகிதங்களைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் வந்தது. ஆனால் பொய் பிடிபட்ட வெட்கமாகத் தெரியவில்லை, ஒரு தொழிலாளியின் வெட்கம்.

"என்ன பண்றது? படிக்கலாம்னு விரிச்சேன், கசங்கி இருந்துச்சு. கசங்கினதப் பாத்தா என் கை சும்மா இருக்காது."

கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். பேக்கரிக்காரரின் பையிலிருந்து கண்ணாடி அளவுச் சீட்டு வந்தது, விறைப்பாக.

அம்மா மட்டும் எழுந்து மேசைக்கு வந்தாள். "என் பொண்ணு சட்டையில வேலைக் கடிதம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. சம்பளம்கூட நல்லாத்தான் போட்டிருந்தாங்க."

"அப்புறம் ஏன் போகக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"அவங்க போயிட்டா நாப்பது நாள் தேய்க்கிறதுக்கு யாரும்மா சட்டை கொண்டாருவாங்க?"

அம்மா கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தாள். அப்புறம் திரும்பி, "ஏழு நாள் தேய்ச்சீங்களே, அந்த அழுக்குச் சட்டைய மொதல்ல துவைச்சுக் குடுங்க!" என்று போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையே ஒரு தரம் ஆடினார்.

ஞாயிறு மதியம் அக்கா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக, "நோட்டுல என்ன எழுதின?" என்று கேட்டாள். 'பஸ் கிளம்பியது, ஒன்று இருபது. ஆபத்து எதுவும் கண்ணில் படவில்லை' என்று காட்டினேன். போய்ச் சேர்ந்ததும் அவளே ஒரு வரி எழுதி அனுப்புவதாக ஒப்பந்தம். புதன்கிழமை வந்தது: 'பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது.'

மகான் மறுபடியும் இஸ்திரிக்காரர் ஆகிவிட்டார். வேலை சுத்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது என் சட்டையும் அங்கேதான் போகிறது, பையைக் காலி செய்த பிறகு.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் வாசலில் ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். மகானையே வாயடைக்க வைத்த பொம்மைக்கு ஏதோ சக்தி இருக்க வேண்டுமாம். அதைத் தொட்டுப் பார்க்க வந்தார்களாம். வரிசையின் முதல் ஆள் பேக்கரிக்காரர். கருகல் வாசனை தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது.

டீச்சர் குண்டூசிகளை எல்லாம் வாயிலிருந்து எடுத்தார். அப்படி எடுத்து நான் பார்த்ததே இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"தொட்டுப் பாக்கணும்னா உங்க கழுத்துக்கு மேல தொட்டுப் பாருங்க. இவருக்குத்தான் அங்க ஒண்ணும் இல்ல. உங்களுக்கு இருக்குதுல்ல?"

ஏழு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

இதைப் படிப்பவர்களும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இருந்தால், பயன்படுத்தலாம்.