பூத்தையல் ஏட்டய்யா

சித்தூர் ஜில்லாவிலேயே லத்தியை வாரம் ஒருமுறை தொலைத்து, ஊசியை மட்டும் ஒருநாளும் தொலைக்காத போலீஸ்காரர் அவர் ஒருவர்தான். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஊருக்கு அவர் பூத்தையல் ஏட்டய்யா.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்திருந்த புதிது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் ஹெட்கான்ஸ்டபிள், நான் ரைட்டர். எழுதுவது என் வேலை. அவர் வேலை எது என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆறடி உயரம், முறுக்கு மீசை, மடியில் மரவளையத்தில் இறுக்கிய துணி, அதில் பாதி முடிந்த மயில். காசு கொடுக்கிறேன், ஒரு தலையணை உறை தைத்துத் தாருங்கள் என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும்.

"நான் இன்னா டெய்லரா? ஆசைக்குத் தெச்சிக்கினு கீறேன்."

ஒருநாள் சைக்கிள் திருடன் ஒருவனைப் பிடித்து வந்தோம். மூன்று மணி நேரம் நான் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏட்டய்யா அவன் எதிரே உட்கார்ந்து கிளி தைத்துக்கொண்டிருந்தார்.

"மூக்குக்கு இன்னா கலர் வெக்கலாம்?" என்றார், தலை நிமிராமல்.

"செவப்பு" என்றான் அவன்.

"ரெக்கைக்கு?"

"பச்சைதான். அத்தக்கூட நான் சொல்லணுமா?"

"சைக்கிள் இன்னா கலரு?"

"அதுவும் பச்சைதான் ஏட்டய்யா. பிச்சாட்டூர்ல மாமா வூட்ல கீது."

நான் எழுதிக்கொண்டேன். ஏட்டய்யா சிவப்பு நூலைக் கோத்தார்.

கழித்துப் போட்ட காக்கி உடுப்புகளையும், நெசவாளர்கள் கொடுத்த துண்டுத் துணிகளையும் சேர்த்து லாக்கப்புக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைத்தார். நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். அந்த மார்கழியில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மூன்று பேர் தாங்களாகவே வந்தார்கள்.

அப்போதுதான் எல்லைத் தகராறு சூடு பிடித்தது. எங்கள் பக்கத்து ஊர்களை மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஓர் ஊர்வலம் கிளம்பியது. ரயில்வே கேட்டைத் தாண்ட விடக்கூடாது, மீறினால் தடியடி என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு. அவர் வந்து சேரும்வரை ஏட்டய்யாதான் பொறுப்பு. நாங்கள் ஆறு பேர். எதிரே முந்நூறு பேர். முன்வரிசையில் பேனர் பிடித்து வந்த நகரி நெசவாளர்களில் என் மைத்துனனும் ஒருவன். நான் லத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

கேட் அருகே வந்ததும் காற்றில் பேனர் நடுவில் டர்ரென்று கிழிந்தது. ஏட்டய்யா கையை உயர்த்தினார். கூட்டம் நின்றது. சிலர் அடிக்குத் தயாராகத் தலையைப் பொத்திக்கொண்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார்.

"மெட்ராசோட சேரணும்றீங்க. மொதல்ல இந்த ரெண்டு துணி சேரட்டும். குந்துங்க."

முந்நூறு பேரும் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

"சீக்கிரம் ஆவட்டும் ஏட்டய்யா" என்றான் என் மைத்துனன்.

"அவசரத் தையல் நிக்காது நைனா."

சங்கிலித் தையல். ஒன்றரை மணி நேரம். கிழிசல் மூடியபின், வெறுமையாக இருக்கிறதே என்று ஓரத்தில் ஒரு பூங்கொடியும் ஓடவிட்டார். அதற்குள் பாதிப் பேர் பசித்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பேனரைச் சுருட்டிக்கொண்டு, நன்றி சொல்லி ஊர் திரும்பினார்கள். ஒரு தலையும் உடையவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியபோது ஏட்டய்யா ஊசியைத் தொப்பிக்குள் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் தங்கள் தெலுங்கு பேனரோடு ஸ்டேஷனுக்கே வந்தார்கள். "மாக்கு கூட குட்டி பெட்டண்டி" என்றார்கள். எங்களுக்கும் தைத்துக் கொடுங்கள் என்று அர்த்தம். அவர்களுக்கும் பூங்கொடி கிடைத்தது.

சீருடையில் கலகக்காரர்களுக்கு உதவினார் என்று மெமோ வந்தது. வேலை போய்விடும் என்றார்கள். சித்தூரில் விசாரணை, நான் சாட்சி.

"நீ எந்தப் பக்கம்?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"நல்ல பக்கம்தான் சார். முடிச்செல்லாம் பின்பக்கம் வுட்டுடுவேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டைத் தாண்டக்கூடாதுன்னு உத்தரவு சார். ஒருத்தர்கூட தாண்டல" என்றேன்.

வேலை பிழைத்தது. பலமனேருக்கு மாற்றல் மட்டும் போட்டார்கள். அங்கே குளிர் அதிகம், போர்வை தைக்கத் தோதான ஊர் என்று அவர் சந்தோஷமாகவே பஸ் ஏறினார்.

எல்லை பிரித்தபோது என் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று. நான் போலீஸை விட்டுத் திருத்தணியில் குமாஸ்தா ஆனேன். பல வருஷம் கழித்துப் பலமனேரில் அவரைத் தேடிப் போனேன். ரிட்டயர் ஆகியிருந்தார். மீசை வெளுத்திருந்தது. மடியில் அப்போதும் ஒரு மயில். ஊசிக் காது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

"பக்கத்து வூட்டுக்காரங்க கோத்துக் குடுக்கறாங்க. நூல் நீட்டம் சரியா வர்ல" என்றார்.

நாற்பது ஊசிகளில் நூல் கோத்து, அவர் தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் ஒரு கார்டு வந்தது. ‘ஊசி காலி. வரவும்.’

அன்றே லீவுக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில், நெருங்கிய உறவினர் அழைப்பு என்று போட்டேன்.