பிரேக்குக்கு ஒரு ஆலங்கிளை

கிணிங். கிணிங். கிணிங்.

கண்ணின் மேல் ஈரத்துண்டு கிடந்ததால் அடிப்பது யாரென்று தெரியவில்லை. அடிபடுவது என் சைக்கிள் மணி என்பது மட்டும் தெரிந்தது. அந்த மணியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வூட்டுச் சட்டம். சட்டத்தை மீறக்கூடியவர் ஒருவர்தான் உண்டு.

"புளி தீந்துபோச்சு" என்றாள் என் மனைவி. "தங்கச்சி வூட்ல எடுத்து வெச்சிருக்காங்களாம். போய் வாங்கியாங்க."

அன்றைய வேலை இவ்வளவுதான். போய்ப் புளி வாங்கி வர வேண்டும்.

மொரப்பூர் ஸ்டேஷனில் எனக்கு விளக்கு வேலை. பொழுது சாயும்போது, ரயிலுக்குச் சைகை காட்டும் கைகாட்டி மரங்களில் ஏறி விளக்கு வைப்பேன். விடிய விடிய அவை அணையாமல் பார்த்துக்கொள்வேன். விடிந்ததும் இறக்கித் துடைத்து வைத்துவிட்டு வூட்டுக்கு வந்து படுப்பேன்.

படுப்பேன் என்றுதான் சொன்னேன். தூங்குவேன் என்று சொல்லவில்லை. சித்திரை மாசப் பகலில் ஓட்டு வூட்டில் தூங்க வேறு மாதிரி உடம்பு வேண்டும். அதோடு, ஊரெல்லாம் விழித்து நடமாடும்போது கண்ணை மூடிக் கிடந்தால், நான் செத்துப்போய் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்புக்கு நான் கண்டுபிடித்த மருந்து சைக்கிள்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தர்மபுரிச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அப்போது மாற்றலாகிப் போன ஒரு குமாஸ்தா என் தலையில் கட்டிவிட்டுப் போன சீமைச் சைக்கிள் அது. கறுப்பு உடம்பு, பச்சைக் கோடு, உட்கார்ந்தால் பெருமூச்சு விடும் தோல் சீட்டு. வேனல் காலத்தில் புளியமரச் சாலையில் மிதித்துக்கொண்டு போனால் முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். எங்கே போறீங்க என்று யாராவது கேட்டால், சும்மா என்பேன். சும்மா சைக்கிளில் போகிறவனை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆகையால் புளி மாதிரி ஒரு காரணம் கையில் இருப்பது நல்லது.

மனைவி ஒரு சாக்கையும் அதைக் கட்ட ஒரு கயிற்றையும் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. போன மாசம் இப்படித்தான் சும்மா போய், டயர் வெடித்து, தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கைகாட்டியில் விளக்கில்லாமல் பாசஞ்சர் வண்டி வெளியே நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இன்னொரு தரம் இருட்டினப்புறம் வந்தால் விளக்கு அறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. இதுவே பாதிதான் தெரியும்.

சைக்கிளுக்கு ஒரே ஒரு குறை. பிரேக் கிடையாது. கட்டை தேய்ந்துபோய்விட்டது, யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? இறக்கம் வந்தால் செருப்புக் காலை முன்சக்கரத்தின்மேல் வைத்து அழுத்துவேன். இடது செருப்பு தேய்ந்து, அதன் வழியாகத் தர்மபுரி ரோட்டைப் பார்க்கலாம் என்ற நிலைமைக்கு வந்திருந்தது.

பாதி வழியில் ஒரு நீண்ட மேடு. மூச்சு வாங்க ஏறினேன். உச்சியில் பெரிய ஆலமரம். அதற்கப்பால் ரோடு சரிந்து இறங்கி நேராகச் சந்தைத் திடலுக்குள் நுழைகிறது. புளி இருக்கிற வூடு அதையும் தாண்டி. அன்றைக்குச் சந்தை நாள் வேறு. கீழே வண்டிகள் எறும்பு மாதிரி தெரிந்தன.

செருப்பைப் பார்த்தேன். இறக்கத்தைப் பார்த்தேன். அப்புறம் தரையைப் பார்த்தேன்.

மரத்தடியில் ஒரு ஆலங்கிளை கிடந்தது. அப்போதுதான் வெட்டியது, இலை கூட வாடவில்லை. எனக்காகவே யாரோ போட்டுவைத்த மாதிரி இருந்தது.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. கடலை மடித்த காகிதத்தையும் பயணிகள் விட்டுப்போன புத்தகத்தையும் படித்தே தேறினவன். அப்படிக் கிடைத்த ஒரு சயின்ஸ் புத்தகத்தில் முதல் பாதிதான் இருந்தது. அதில் உராய்வு என்று ஒரு பாடம். ஓடுகிற பொருளுக்குப் பின்னால் கனமான ஒன்று தரையில் தேய்ந்துகொண்டு வந்தால் வேகம் குறையும். படித்த நாளிலிருந்து இதை எங்கேயாவது செய்து பார்க்க வேண்டுமென்று எனக்கு ஒரு தவிப்பு.

புளிச்சாக்குக் கயிற்றால் கிளையைக் கேரியரில் கட்டினேன். காலைப் பெடலில் வைத்தேன்.

என்ன சொல்ல, சயின்ஸ் சயின்ஸ்தான். சைக்கிள் கோயில் யானை மாதிரி நிதானமாக இறங்கியது. ஒரு பக்கம் வத்தல்மலை நீலமாகக் கிடந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதியது. வாழ்க்கையில் நானும் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

பின்னால், ஆலமரத்தின் மேலேயிருந்து ஒரு பெண்குரல் என்னமோ கத்தியது. தழை பிரேக்கைப் பார்த்து மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன். ரயில் கார்டு கொடி காட்டுகிற மாதிரி கையைத் தூக்கி ஆட்டினேன்.

குரல் இன்னும் பலமாகக் கத்தியது. இன்னும் பலமாக ஆட்டினேன்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் கோடை மழை இறங்கி வருகிற மாதிரி சடசடவென்று. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆடுகள்.

ரோட்டு அகலத்துக்கும் ஆடுகள். எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு ஓடி வந்தன. என்னையல்ல, கிளையை.

எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் ஒரு கிளையை வெட்டி இழுத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள். தழைக்கு ஆசைப்பட்டு மந்தை பின்னாலேயே வரும். குட்டியிலிருந்து அவை படித்த பாடம் அது ஒன்றுதான். நான் எடுத்துக் கட்டியது அவற்றின் மத்தியானச் சாப்பாடு. வெட்டிப் போட்ட அம்மாள் இன்னொரு கிளை வெட்ட மரத்தின்மேல் இருந்திருக்கிறாள்.

ஆடுகளைப் பற்றிய பாடம் அந்தப் புத்தகத்தின் மறுபாதியில் இருந்ததோ என்னவோ.

நிறுத்தலாமென்றால் கிளை வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. தப்பிக்கலாமென்று மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் கிளை துள்ளியது. துள்ளத் துள்ள ஆடுகளுக்கு உற்சாகம். சந்தைத் திடலுக்குள் நான் நுழைந்தபோது மிளகாய்க் கூடைக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெரிய கிடா கிளையின்மேல் ஏறி நின்றது. பிரேக் என்றால் அதுதான் பிரேக். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

குப்புறக் கிடந்தேன். சைக்கிள் காலின்மேல். முழங்கையில் ரத்தம்.

அப்போது யாரோ கையை நீட்டினார்கள். கையின்மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. ரத்தம் துடைக்கத் துண்டும், தூக்கிவிடக் கையுமாக ஒரு புண்ணியவான் வந்திருக்கிறார் என்று கண்ணில் நீர் வந்துவிட்டது. துண்டுக்கடியில் கையைவிட்டுப் பிடித்தேன். அவர் என் விரலில் இரண்டை மட்டும் பிடித்தார். இந்தப் பிடியில் எழுந்திருக்க முடியாதே என்று நான் அவர் கை முழுவதையும் வளைத்துப் பிடித்து இழுத்தேன். அவர் தயங்கினார். நான் பாதிதான் எழுந்திருந்தேன், ஆகையால் மறுபடியும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, முடிஞ்சுது. கெட்டிக்கார ஆளுய்யா நீ" என்று ஊரே கேட்கச் சொன்னார்.

நான் நன்றி சொன்னேன்.

அவருடைய ஆட்கள் ஆடுகளை ஒரு பக்கமாக மடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஆட்டு வியாபாரி. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், விரல் கூடக் கூட விலையும் கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தரையில் குப்புறக் கிடக்கிறவனிடமும் பேசுவார்கள் என்று யார் கண்டது?

ஆடு என்னுடையதில்லை என்றேன். பின்னே ஏன் தழை காட்டி இழுத்துக்கொண்டு வந்தாய் என்றார். புளி வாங்கப் போகிறேன் என்றேன். கூட்டம் சேர்ந்தது. புளி வாங்கப் போகிறவன் மந்தையோடு போவானா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் என் ரயில்வே காக்கிச் சட்டையைப் பார்த்து, பட்டாளத்துக்கு ஆடு பிடிக்கிற சர்க்கார் ஆள் போல என்றார்.

இந்தச் சமயத்தில் தொரட்டுக்கோலைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்து சேர்ந்தாள். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து மந்தை வைத்திருக்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது. கோலின் கொக்கியை என் சட்டைக் காலரில் மாட்டினாள்.

"கூப்புடக் கூப்புட கையாட்டிட்டுப் போறான். எம்மாந் தெகிரியம் பாருங்க இவனுக்கு."

ஆடுகளை வெறுமனே திருட மட்டும் செய்யவில்லை, விற்றும்விட்டேன் என்று நாலு பேர் அவளுக்கு விளக்கினார்கள். என்ன விலைக்கு என்று கேட்டாள். வியாபாரி, துண்டுக்கடியில் பேசினதை வெளியே சொல்வது வழக்கமில்லை என்றார். என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். விற்றவனுக்கே விலை தெரியாத வியாபாரத்தை அந்தச் சந்தை அதுவரை பார்த்ததில்லை.

சந்தைத் தரகர் ஒருவர் முன்னால் வந்தார். இவருக்குத் தெரியாவிட்டால் என்ன, இவர் கைக்குத் தெரியுமே என்றார்.

மறுபடியும் என்னைப் படுக்கவைத்தார்கள்.

நான் சாதாரணமாகப் படுத்தேன். அது ஒத்துக்கொள்ளப்படவில்லை. தலை இந்தப் பக்கம் இருந்தது என்றார் மிளகாய்க்காரர். சைக்கிள் காலின்மேல் கிடந்தது என்று இன்னொருவர் அதையும் தூக்கி என்மேல் வைத்தார். தரகர் துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். அதே மாதிரி பிடி என்றார். பிடித்து இழுத்தேன். இரண்டு இழுப்பு.

தரகரின் புருவம் மேலே போனது. அந்த அம்மாளின் காதில் என்னமோ சொன்னார்.

கொக்கி என் காலரிலிருந்து மெதுவாகக் கழன்றது.

"மெய்யாலுமா? தலைக்கா?"

"ஒவ்வொரு தலைக்குந்தான்" என்றார் தரகர்.

அவள் வியாபாரியின் பக்கம் திரும்பினாள். போன சந்தைக்கும் அதற்கு முந்தின சந்தைக்கும் இரண்டு கிடாவை ஓட்டிக்கொண்டு வந்தாளாம். ஒத்தைப் பொம்பளை என்று இதே ஆள் பாதி விலைக்குக் கேட்டாராம். இப்போது அந்த இரண்டு கிடாவையும் இதே விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும், மற்றதை விற்கிற உத்தேசம் இல்லை என்றாள்.

மொத்தமாக எடுத்தால் சொன்ன விலை அது என்றார் வியாபாரி. அப்புறம் வெயில் என்றார். அப்புறம் இந்த ஆள் கையை விடவே இல்லை என்றார். தரகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"முடிஞ்சுதுன்னு ஊரே கேக்கச் சொன்னது நீங்கதானுங்க?"

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிடாவையும் ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு மரியாதையோடு யாரும் என்னைப் பார்த்ததில்லை.

நான் மெல்லச் சைக்கிளை நிமிர்த்தினேன். வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. சக்கரத்தில் கொக்கி விழுந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க? தழை?"

கேரியரில் ஒரு குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இலை கூட இல்லை. தழை இல்லாமல் மந்தை மேடு ஏறாது, வெட்டித் தந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ஸ்டேஷனில் கைகாட்டிக்கு விளக்கேற்றுகிற வேலை, பொழுது சாய்ந்துவிட்டால் என் பிழைப்பே போய்விடும் என்று கெஞ்சினேன். அவள் முகம் மலர்ந்தது.

"வெளக்கு வெக்கிறவரா? அப்ப மரம் ஏற வருமே."

திடலோரத்து ஆலமரத்தில் ஏறினேன். அவள் கீழே நின்று தொரட்டுக்கோலால் காட்டிக் காட்டி, அது முத்தல், இது வேண்டாம், அந்தக் கொப்பு என்று மேஸ்திரி மாதிரி வேலை வாங்கினாள். ஒவ்வொரு கொப்பு விழும்போதும் நான் சூரியனைப் பார்த்தேன். அது எனக்காகக் காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

இறங்கியதும் மோர் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னும் இரண்டு கிடா இருப்பதாகச் சொன்னாள்.

"அடுத்த சந்தைக்கு வந்து, அதே எடத்துல அதே மாதிரி விழுந்துடுங்க. மறந்துடாதீங்க."

திரும்புகிற வழியில் கிளை கட்டவில்லை. விழுந்ததில் செருப்பு இரண்டும் போய்விட்டதால் வெறுங்காலை ரோட்டில் தேய்த்துக்கொண்டே வந்தேன். சூரியன் மலைமேல் உட்கார்ந்துவிட்டது. பாதி உள்ளே போய்விட்டது. ஸ்டேஷன் தெரிந்தபோது மேலே ஒரு கீற்றுதான் மிச்சம்.

மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்று ஒரு தரம் மலையையும் ஒரு தரம் கைகாட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை எடுத்தேன், ஏறினேன், வைத்தேன். மேலேயிருந்து பார்த்தபோது பாசஞ்சரின் புகை தூரத்தில் தெரிந்தது.

இறங்கியதும் மாஸ்டர் என் தலையிலிருந்து ஒரு ஆலிலையை எடுத்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்.

"ஆடு விக்கப் போயிருந்தேங்க."

அவர் இலையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

மனைவி ஸ்டேஷனுக்கே சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். கேரியரில் இருந்த குச்சியைப் பார்த்தாள். சாக்கு எங்கே என்று தேடினாள். குழம்பை வாயில் வைத்தேன். புளிப்பே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த விளக்கை எடுத்துத் திரியைக் கத்தரித்தேன்.