பொக்கைவாய்ப் போர்

வாழ்க ஆனந்தி! பிணந்தின்னிக் கழுகின் அலகினும் கூரிய பேனாவினள், பாழ்ங்கிணற்றுப் பேய்களுக்கெல்லாம் கூந்தல் வரைந்தளித்த கொடைக்கரத்தாள், மாத நாவல்களின் அட்டையிலிருந்தே கொடைரோடு ரயில் பயணிகளை உறக்கமிழக்கச் செய்த நாகல்நகர் நங்கை, நீடூழி வாழ்க!

இத்தகு வீராங்கனையின் மார்பிலும் ஆறாத விழுப்புண் ஒன்று இருந்தது. சித்தி மகள் சுகன்யா, தன் பிள்ளையைத் தொட்டிலிடும் விழாவுக்குத் தெருவையே அழைத்துவிட்டு இவளை மட்டும் விட்டுவிட்டாள். காரணம் கேட்டபோது, "தப்பா நெனைக்காதக்கா. பேய் வரையிற கையி... புள்ளையத் தூக்கினா ஒரு மாதிரி இருக்குல்ல" என்றாள். பேய்க்குலம் முழுதையும் ஆண்ட ஆனந்தி அன்று அடுக்களையில் நின்று அழுதாள்.

இணையவெளியெங்கும் அக்டோபர் முழுதும் நாளுக்கொரு மைச்சித்திரம் தீட்டி மோதும் பெருஞ்சவாலின் கடைசி நாள் வந்தது. திண்டுக்கல்லின் புகழ்பெற்ற கோர ஓவியர் மூவரும் பேகம்பூரில் நுஸைபாவின் ஸ்டேஷனரிக் கடை மாடியில் அணிவகுத்தனர். ஒருவன் சுடுகாட்டுச் சக்கரவர்த்தி ராயப்பராஜ். கறுப்புச் சட்டையன்றிப் பிறிதுடுக்காதவன், தன் ரசிகர் தொகையைத் தானே முழங்கும் முரசு. மற்றவன் எலும்புக்கூட்டு ஏந்தல் சிவபிரகாஷ். மாம்பழம் வரையச் சொன்னாலும் கொட்டையில் தொடங்குபவன். மூன்றாமவள் நம் தலைவி.

நுஸைபா, ஏழு மாத மகள் ஃபர்ஹீனை இடுப்பில் ஏந்திப் போர்விதி அறிவித்தாள்.

"பென்சில் கூடாது, அழிக்கக் கூடாது. மை மட்டுந்தான். எம் பொண்ணு சிரிக்கிறதை வரையணும். எது புடிக்குதோ அதுதான் கடை காலண்டர்ல வரும்."

இடிகேட்ட நாகமென மூவரும் ஒடுங்கினர். ராயப்பராஜ் மெல்ல, "பேய்க் குழந்தையா வரையலாமாங்க?" என்றான்.

"வரஞ்சுதான் பாருங்களேன்" என்றாள் தாய். அக்குரலில் மயானங்களே அடங்கின.

தொடங்கியது போர். காலண்டரில் தன் படம் வந்தால் சுகன்யா வீட்டுச் சுவரிலும் ஓராண்டு தொங்குமே என்னும் வேட்கை உந்த, ஆனந்தியின் பேனா கன்னக்குன்றுகளை வளைத்து, மூக்குச்சிமிழை முற்றுகையிட்டு, புருவ மயிர்களை ஒவ்வொன்றாய்ச் சிறைபிடித்து, வெற்றிநடை போட்டு வாயின் வாசலை அடைந்தது. அந்தோ! பத்தாண்டுப் பழக்கத்தின் அடிமையாகிய அக்கை, மனம் தடுக்குமுன்னே, உதட்டோரத்தில் நீண்டதொரு கோரைப்பல்லைக் கீழ்நோக்கி இறக்கிவிட்டது.

அழிக்கவோ விதியில்லை. அக்கம்பக்கம் நோக்கினாள். ராயப்பராஜின் குழந்தை, தலையில் வௌவாலோடு சிரித்தது. சிவபிரகாஷின் குழந்தைக்குக் கன்னத்தினூடே மண்டையோடு தெரிந்தது. "அனாட்டமி சரியா இருக்கணும்லங்க" என்று அவன் விளக்கம் தர, நுஸைபாவின் முகம் மழைக்கு முந்திய வானாயிற்று. அவள் காலடி ஆனந்தியை நோக்கித் திரும்பியது.

தலைவி நிமிர்ந்து, முதன்முறையாகக் குழந்தையை நன்றாகப் பார்த்தாள். அதன் உதட்டோரத்திலிருந்து எச்சில் இழையொன்று டியூப்லைட் ஒளியில் மின்னியபடி வழிந்துகொண்டிருந்தது. பாய்ந்தது பேனா! பல்லின் கூர்முனை உருண்டது, துளியாயிற்று. மோவாயில் இன்னொரு துளி, சட்டைக் கழுத்தில் ஈரப்புள்ளிகள்.

நுஸைபா குனிந்து பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "யா அல்லாஹ், ஜொள்ளைக்கூட விடலையே! எம் பொண்ணேதான் இது!"

"அது பல்லுங்க! நான் பாத்தேன், அவ பல்லுதான் வரஞ்சா!" என்று அலறினான் சுடுகாட்டுச் சக்கரவர்த்தி.

"பல்லே மொளைக்காத புள்ளைக்கு ஏதுப்பா பல்லு?" என்று அவன் கொடியை ஒரே வீச்சில் சாய்த்த நுஸைபா, ஆனந்தியிடம் திரும்பினாள். "அக்கா, செத்த நேரம் இவளைப் புடிங்க. படத்தைக் கீழ மாட்டிட்டு வாரேன்."

மைக்கறை படிந்த கைகளைப் புடவையில் இருமுறை துடைத்து, முடிசூடும் வேந்தரெனத் தலைதாழ்த்தி, எண்டிசைப் பேய்களும் எட்டிநின்று வாழ்த்த, இதுகாறும் எவரும் நம்பித் தராத அப்பெரும்பேற்றை நெஞ்சோடு அணைத்து, ஆனந்தி மெல்ல அமர்ந்து மடியில் இருத்திக்கொண்டாள்.

குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டது.